கிணற்றுக்கட்டில் நின்ற கால்: வன்னியில் ஒருவரின் சமூக வாழ்வு பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வருபவர் 34 வயதான ஆண், டவுண் சின்ட்ரோம் என்ற பிறவி நிலை உள்ளவர். பரந்தன்–முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு மணல் ஒழுங்கையில் தாயோடு குடியிருக்கிறார். இது ஒரே ஆளின் வாழ்க்கை அல்ல. ஒரே மாதிரி நடந்த சிலவற்றைச் சேர்த்து, உறவும் இடமும் மாற்றி எழுதப்பட்டது. அவரை இங்கே "அண்ணை" என்றே குறிப்பிடுகிறோம். ஒழுங்கையில் எல்லோருக்கும் அவர் இன்னும் "பெடியன்"தான். மாற்றுத்திறனாளிகள் வீட்டோடும் ஊரோடும் வாழத் துணைநிற்பது உதவியாளரின் தொழில். இந்த வீட்டுக்குப் போன உதவியாளருக்கு வயது 27. தன்னைவிட ஏழு வயது மூத்தவரை அவர் "அண்ணை, நான் உள்ள வரலாமோ?" என்று கேட்டுவிட்டுத்தான் படியேறினார். தாய் திடுக்கிட்டுப் பார்த்தார். அந்தக் கேள்வியை அந்த வீட்டு வாசலில் நின்று அவரிடம் எவரும் அதுவரை கேட்டதில்லை.

முறைப்பாடு

பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தர் வழியாக வந்த விண்ணப்பத்தில் தாயின் கோரிக்கை ஒரே வரி: "ஏதாவது ஓர் இல்லத்தில் சேர்த்துவிடவும்." அவருக்கு வயது 67. மூட்டு வருத்தம். மகள் தருமபுரத்தில் கல்யாணம் முடித்து இருக்கிறார். போர் முடிந்த 2009க்குப் பிறகு கணவர் இல்லை.

மூன்று மாதமாக அண்ணை கிணற்றடிக்குக் குளிக்க வருவதில்லை. கச்சான் (நிலக்கடலை) தரம் பார்த்துத் தெரிந்து பொதி பண்ணும் வேலைக்குப் போவதை விட்டுவிட்டார். பகலில் படுக்கிறார். கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஒருநாள் கையைப் பிடித்துக் கிணற்றடிக்கு இழுத்தபோது தாயைத் தள்ளிவிட்டார், தாய் விழுந்து மணிக்கட்டு வீங்கியது. அன்றைக்குத்தான் விண்ணப்பம் எழுதப்பட்டது.

கையிலிருந்த இரண்டு விளக்கங்கள்

வன்னியில் இப்படியான ஒருவருக்கு எது நடந்தாலும் இரண்டு விளக்கங்கள் உடனே கிடைத்துவிடும். ஒன்று, "அவர் பிறவியிலேயே அப்படித்தானே." மற்றது, "செல்லடியில பயந்தது, இப்பதான் வெளியில வருது." அயலவர்களும் உறவினர்களும் மாறிமாறிச் சொன்னவை இவை இரண்டும்தான். இரண்டாவதில் உண்மை இல்லாமலில்லை. 2009இல் அவருக்கு 18 வயது. முள்ளிவாய்க்கால் வரை தாயின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தவர், பிறகு செட்டிகுளம் மெனிக்பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் கூடாரத்தை விட்டு வெளியே வராமல் மாதக்கணக்கில் இருந்தவர். அவருடைய கிளினிக் கொப்பியும் பிறப்புச் சான்றிதழும் அந்தப் பாதையில்தான் தொலைந்தன.

ஆனால் மீள்குடியேறிய பின் பதினைந்து வருடங்களாக அவர் கிணற்றில் அள்ளிக் குளித்திருக்கிறார். கச்சான் தெரிந்திருக்கிறார். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குச் சனத்துக்குள் போய் வந்திருக்கிறார். மூன்று மாதத்துக்கு முன் என்ன மாறியது என்பதற்குப் "பிறவி"யும் பதில் சொல்லவில்லை, "செல்லடி"யும் பதில் சொல்லவில்லை. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் முதலில் கற்கவேண்டியது இதைத்தான். இந்த இரண்டு சொற்களில் ஒன்றைச் சொன்ன கணமே நாம் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம்.

முதல் 14 நாள்: ஒன்றும் மாற்றாமல்

உதவியாளர் முதல் இரண்டு கிழமை எதையும் கற்பிக்கவில்லை, திருத்தவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள், வெவ்வேறு நேரங்களில், இரண்டு மணித்தியாலம் வீட்டில் இருந்தார். 80 பக்கக் கொப்பி ஒன்றில் பக்கத்தை மூன்றாகப் பிரித்து, முன்னால் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், பின்னால் என்ன நடந்தது என்று எழுதினார். அடம்பிடித்தார், குழப்படி செய்தார், கோபப்பட்டார் என்ற சொற்களுக்கு அந்தக் கொப்பியில் இடமில்லை. கால் எங்கே, கை எங்கே, கண் எங்கே என்றுதான் எழுதவேண்டும். இந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்கப் புதியவர்களுக்கு ஒரு மாதமாவது பிடிக்கும். அதுவரை மூத்தவர் ஒருவர் கிழமைக்கு ஒரு தடவை கொப்பியை வாசித்து, அபிப்பிராயங்களின் கீழே கோடு போட்டுக் கொடுக்கவேண்டும்.

நான்காவது வரவில் எழுதப்பட்டது இது:

"பகல் 11.40. நல்ல வெயில். தாய் கூப்பிட்டு மூன்றாம் தரம் எழும்பினார். போர்வை சுற்றியபடி வந்தார். மணலில் நேராக நடந்தார். கிணற்றுக் கட்டின் விளிம்புக்கு முன் நின்றார். வலது காலின் பெருவிரலால் முன்னுக்குத் தடவினார். விரல் சீமெந்தில் பட்டதும் காலைப் பின்னுக்கு எடுத்தார். திரும்பவும் தடவினார். தாய் பின்னாலிருந்து 'போங்கோவன்' என்றார். திரும்பவில்லை. தாய் தோளில் கை வைத்தார். கையைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்."

ஏழாவது வரவு மாலையில்:

"5.35. வெயில் இறங்கிவிட்டது. தானாகவே கிணற்றடிக்குப் போனார். கட்டின் மேல் ஏறினார். வாளியைத் தொட்டுப் பார்த்தார். ஏறும்போது விரலால் தடவவில்லை."

தாய் இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னது: "பாருங்கோ தம்பி, நினைச்சால் போவார். வேணுமெண்டுதான் செய்யிறார்." அவரைக் குறைசொல்ல முடியாது. பகலில் மறுத்து மாலையில் போகிறவரை அப்படித்தான் நினைக்கத் தோன்றும். ஆனால் கொப்பியில் இரண்டு குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. மணலில் நடக்கிறார், சீமெந்தில் தயங்குகிறார். கடும் வெளிச்சத்தில் தயங்குகிறார், மங்கிய வெளிச்சத்தில் தயங்கவில்லை. ஈரச் சாம்பல் நிறச் சீமெந்தின் விளிம்பு எங்கே தொடங்குகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. அடுத்த படி எவ்வளவு கீழே என்பதைக் கண் சொல்லாதபோது கால்விரல் அந்த வேலையைச் செய்கிறது. கண்வில்லையில் படலம் விழுந்தால் வெயிலில் கூச்சம் கூடும், அந்தியில் குறையும்.

மற்றக் குறிப்புகளும் தனித்தனியே அற்பமாகத்தான் இருந்தன. ஆவணி வெக்கையில் போர்வை. முன்னால் நின்று பேசினால் பதில், பின்னால் நின்று கூப்பிட்டால் இல்லை. சட்டையின் கீழ்ப் பொத்தான்கள் இரண்டும் பூட்டமுடியவில்லை. கை முட்டியில் தோல் காய்ந்து வெடித்திருக்கிறது. நான்கு நாளுக்கு ஒரு தடவைதான் மலசலகூடத்தில் நேரம் எடுக்கிறார்.

டவுண் சின்ட்ரோம் உள்ள வளர்ந்தவர்களில் தைரொயிட் சுரப்புக் குறைவது, கண்ணில் படலம் இளவயதிலேயே விழுவது, காதுக்குழாய் ஒடுங்கியிருப்பதால் குறும்பி இறுகி அடைப்பது ஆகிய மூன்றும் வழக்கமாகக் காண்பவை. வருடத்துக்கு ஒரு இரத்தப் பரிசோதனை, ஒரு கண் பரிசோதனை, ஒரு காதுப் பரிசோதனை நடந்திருந்தால் இந்த மூன்று மாதமும் வீணாகியிருக்காது. கிளினிக் கொப்பி தொலைந்த பிறகு அவர் எந்தக் கிளினிக்கிலும் இல்லை.

வைத்தியரிடம் போன ஒற்றைத் தாள்

வைத்தியசாலையில் கிடைப்பது சில நிமிடம். அந்த நேரத்தில் தாய் "இவர் ஒண்டும் செய்யிறாரில்லை" என்று தொடங்கினால் பேச்சு மனநிலையைப் பற்றியே போய்விடும். ஆகவே உதவியாளர் ஒரு தாளை இரண்டாகப் பிரித்து எழுதினார். இடப்பக்கம் தைமாதம் அவர் செய்தவை, வலப்பக்கம் இப்போது. கீழே ஐந்து வரி: குளிர் தாங்காமை, மலச்சிக்கல், நிறை கூடியது, வெளிச்சத்தில் தயக்கம், பின்னாலிருந்து கூப்பிட்டால் கேளாமை. நோயின் பெயர் எதுவும் எழுதவில்லை. அது வைத்தியரின் வேலை. "தைரொயிட் இரத்தப் பரிசோதனை, கண், காது பார்க்கமுடியுமா?" என்ற கேள்வி மட்டும் கடைசியில் இருந்தது.

இரத்தம் எடுப்பதற்கு வீட்டில் ஆறு நாள் ஒத்திகை நடந்தது. கதிரையில் இருந்து கையை நீட்டுதல், மேற்கையில் இறப்பர் பட்டி, ஈரப் பஞ்சால் துடைத்தல், பேனா மூடியால் மெல்ல அழுத்தியபடி பத்து வரை எண்ணுதல். எண்ணுவது அண்ணை. எட்டுக்குப் பிறகு பத்து என்பார், பரவாயில்லை. ஊசி குத்துவது நோகும் என்பதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். "நோகாது" என்று சொல்லி ஒருதடவை ஏமாற்றினால் அடுத்த பத்து வருடத்துக்கு அந்தக் கை நீளாது.

மாஞ்சோலை மாவட்டப் பொது வைத்தியசாலையில் பார்த்ததில் தைரொயிட் சுரப்பு நன்றாகக் குறைந்திருந்தது. இரு கண்களிலும் படலம், வலது கண்ணில் கூட. இரு காதும் குறும்பியால் அடைத்திருந்தன. காதுதான் எல்லாவற்றிலும் இலகு. ஐந்து நாள் சொட்டு மருந்து விட்டு ஊறவைத்து, கிளினிக்கில் கழுவி எடுத்தார்கள். அன்று பின்னேரம் ஒழுங்கையில் போன மீன்காரரின் கோர்ன் சத்தத்துக்குத் தலையைத் திருப்பினார். எங்கள் பக்கத்தில் எண்ணெயைக் காய்ச்சிக் காதுக்குள் விடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது பெரிய தீங்கு. பஞ்சுக் குச்சியும் வேண்டாம், அது குறும்பியை இன்னும் உள்ளே தள்ளும்.

தேத்தண்ணியோடு போன குளிசை

தைரொக்சின் குளிசை 50 மைக்ரோகிராம், காலையில் ஒன்று. எட்டுக் கிழமை கழித்துத் திரும்ப எடுத்த இரத்தத்தில் பெரிய மாற்றமில்லை. தாய் ஒருநாளும் தவறவில்லை, குளிசை அட்டையும் கணக்குச் சரி. உதவியாளர் ஒருநாள் காலை 5.30க்கே வந்து இருந்து பார்த்தார். எழும்பியவுடன் பால்மா போட்ட தேத்தண்ணி, அந்தக் கோப்பையோடேயே குளிசை. பாலில் உள்ள கல்சியமும் தேயிலையும் அந்த மருந்து குடலில் ஏறுவதைக் குறைக்கும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு கொடுத்து அரை மணித்தியாலமாவது, முடிந்தால் ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் தேத்தண்ணி. இரும்புச்சத்து, கல்சியக் குளிசைகள் இருந்தால் நான்கு மணித்தியால இடைவெளி. இதைத் தாயிடம் எவரும் சொல்லவில்லை என்றில்லை. "சாப்பாட்டுக்கு முன்" என்று சொல்லியிருந்தார்கள். அவருக்குச் சாப்பாடு என்றால் புட்டும் சம்பலும். தேத்தண்ணியைச் சாப்பாடு என்று இங்கே யார் சொல்வது?

காலையில் தேத்தண்ணியைப் பிந்தச் செய்வது அந்த வீட்டில் நடக்கிற காரியமாக இல்லை. ஆகவே ஒழுங்கை மாற்றினார்கள்: எழும்பியவுடன் ஒரு கிளாஸ் தண்ணீரும் குளிசையும், பிறகு கோழிக்குத் தீன் போட்டு, முற்றம் கூட்டி, முகம் கழுவிவிட்டுத் தேத்தண்ணி. முற்றம் கூட்டி முடிய நாற்பது நிமிடம் போகும். குளிசை அட்டையை யன்னல் கட்டிலிருந்து எடுத்து, உள்ளறை அலுமாரியின் கீழ்த்தட்டுக்கு மாற்றினார்கள். வெயில் படும் இடத்தில் அந்த மருந்து பழுதாகும். அடுத்த எட்டுக் கிழமையில் இரத்தம் சரிக்கு வந்தது. போர்வை கொடியில் கிடந்தது.

கண்

வலது கண்ணுக்கு யாழ்ப்பாணத்தில் சத்திரசிகிச்சை. இப்படியானவர்களுக்கு முழு மயக்கம் கொடுத்துத்தான் பெரும்பாலும் செய்வார்கள். மயக்க வைத்தியரிடம் மறக்காமல் சொல்லவேண்டியது கழுத்தைப் பற்றி. டவுண் சின்ட்ரோமில் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கிடையில் பிடிப்புத் தளர்ந்திருக்கலாம். குழாய் வைக்கும்போது கழுத்தை அதிகம் மடக்கக்கூடாது. அவர்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் கடிதத்தின் முதல் வரியில் எழுதிக் கொடுப்பது உதவியாளரின் கடமை.

சிகிச்சையைவிடக் கடினம் அதற்குப் பிறகு வரும் நான்கு கிழமை. ஒருநாளைக்கு நாலைந்து தடவை சொட்டு மருந்து, இரவில் கண்மூடி, கண்ணைக் கசக்கக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, கண்ணுக்குள் கிணற்றுத் தண்ணீர் படக்கூடாது. கண்ணைக் கசக்காதே என்று வாயால் சொல்லி யாரையும் நிறுத்தமுடியாது. ஆகவே மூன்று கிழமைக்கு முன்பே, கண் கிளினிக்கில் கேட்டு வாங்கிய கண்ணீர்த் துளி மருந்தை வைத்துப் பழக்கினார்கள். படுக்கவைத்து, கீழ் இமையை இழுத்து, ஒரு சொட்டு, கண்ணை மூடி இருபது எண்ணி, துடைத்து, அதன் பிறகு ரேடியோ. கண்மூடியை முதல்நாள் ஐந்து நிமிடம், இரண்டாம்நாள் பத்து, கடைசியில் இரவு முழுக்க. ஒத்திகை இல்லாமல் வைத்தியசாலையில் முதன்முறை கண்ணை மூடிக் கட்டினால், இருட்டில் எழும்பும் ஒருவர் அதைப் பிடுங்கத்தான் செய்வார்.

திரும்பவும் கிணற்றடி

வீடு இந்திய வீட்டுத்திட்டத்தில், 550,000 ரூபாய் கட்டங்கட்டமாகக் கொடுக்கப்பட்டுத் தாய் முன்னின்று கட்டியது. முன்வாசலில் மூன்று படி. மலசலகூடம் வீட்டிலிருந்து பதினைந்து மீற்றர் தள்ளி. இதில் பெரிதாக எதையும் இடிக்கவில்லை. படிகளின் விளிம்பிலும் கிணற்றுக் கட்டின் விளிம்பிலும் இரண்டு அங்குல அகலத்தில் மஞ்சள் எனாமல் பட்டை, ஈரமாக இருக்கும்போதே மேலே ஒருபிடி நைஸ் மணல் தூவி வழுக்காமல் செய்தார்கள். மலசலகூடத்துக்குப் போகும் பாதையில் இரவுக்கு ஒரு மின்குமிழ், கதவுப் பக்கத்தில் ரோச் லைற் தொங்க ஓர் ஆணி. புடையன் பாம்பு உள்ள ஊரில் வெளிச்சம் இல்லாமல் கால் வைக்கக் கற்பிப்பது தவறு.

கிணற்றின் சுற்றுச்சுவர் இரண்டரை அடிதான். "இனிக் கிணத்தில அள்ள விடேலாது, பைப்பில குளிக்கட்டும்" என்றார் தருமபுரத்து அக்கா. அண்ணை அள்ளித்தான் குளிப்பேன் என்றார். வாயால் சொல்லவில்லை, கயிற்றைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஆபத்தைக் குறைப்பதா, ஆளைக் குறைப்பதா என்பது இந்தத் தொழிலில் கிழமைக்கு ஒருதரம் வரும் கேள்வி. சுவரில் எட்டு அங்குல உயரத்துக்கு ஒரு வரிசை கட்டி உயர்த்தினார்கள். பத்தடி அகலக் கிணற்றுக்கு 25 சீமெந்துக் கல், ஒரு பை சீமெந்து, ஒரு மேசனின் ஒருநாள் கூலி. வாளி பத்து லீற்றரிலிருந்து ஐந்துக்கு மாறியது. அவர் அள்ளும்போது முற்றத்தில் ஒருவர் இருக்கவேண்டும், பக்கத்தில் நிற்கவேண்டியதில்லை.

மூன்று மாதம் விட்ட பழக்கம் என்பதால் குளியலைத் திரும்பக் கற்பித்தது பின்னாலிருந்து முன்னுக்கு. முழுக் குளியலைப் பதினொரு படியாகப் பிரித்தார்கள். முதல் பத்துப் படிக்கும் உதவி, கடைசிப் படியான காய்ந்த சாரம் கட்டுவதை மட்டும் அவரே செய்தார். அது தொடர்ந்து மூன்று நாள் சொல்லாமல் நடந்ததும், அதற்கு முந்தியதான துவட்டுவதையும் விட்டுக்கொடுத்தார்கள். ஒவ்வொரு நாளும் முடிப்பது அவர்தான் என்பதால் இது வேலை செய்கிறது. முதல் படியிலிருந்து தொடங்கினால் அவர் தொடங்கியதை எப்போதும் வேறு யாரோ முடிப்பார்கள்.

இதில் உதவியாளர் விட்ட பிழை ஒன்றைப் பதிவு செய்யவேண்டும். "வாளியை எடுங்கோ" என்றார். மூன்று செக்கனில் ஒன்றும் நடக்கவில்லை. "தண்ணி அள்ளுங்கோ அண்ணை" என்றார். பிறகு "கயிறு, கயிறு." கேட்பவருக்கு இவை மூன்று வெவ்வேறு கட்டளைகள். ஒவ்வொன்றும் முந்தியதை அழித்துவிடும். ஒருதடவை, அதே சொல்லில் சொல்லிவிட்டு மனதுக்குள் பத்து எண்ணவேண்டும். அதற்குப் பிறகும் இல்லையென்றால் விரலால் காட்டலாம், அதற்குப் பிறகே கையைத் தொடலாம். ஆறாவது நொடியில் அண்ணையின் கை வாளியை நோக்கிப் போவதை உதவியாளர் முதல்தடவை பார்த்த நாளில்தான், அதற்கு முன் எத்தனை தடவை குறுக்கே விழுந்திருக்கிறோம் என்று அவருக்கு விளங்கியது.

கச்சான்

விசுவமடு, புதுக்குடியிருப்புப் பக்கம் கச்சான் பயிர். முறிகண்டிப் பிள்ளையாரடியில் வாகனம் நிறுத்துகிற எல்லோர் கையிலும் அந்தச் சரை இருக்கும். அண்ணை வேலை செய்த இடத்தில் உடைத்த பருப்பைத் தெரிந்து 100 கிராம் பொதியாகக் கட்டுவார்கள். கடைசிப் போகத்தில் பூஞ்சணம் பிடித்த பருப்பு அவருடைய பொதியில் கலந்து வந்தது. பேச்சு விழுந்தது, அதோடு நின்றுவிட்டார். கண் தெரியாததுதான் காரணம் என்று இப்போது தெரிகிறது. பேச்சுக் கொடுத்தவரும் பிழையாகப் பேசவில்லை. பூஞ்சணப் பருப்பில் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு உண்டாகும், வறுத்தாலும் அது முற்றாகப் போகாது.

திரும்பப் போகும்போது இடத்தை மாற்றினார்கள். யன்னல் முதுகுப் பக்கம். வெள்ளை பிளாஸ்டிக் தட்டில் வெளிச்சம் தெறித்துக் கண் கூசியது. மங்கிய நீலத் துணியை விரித்ததும் பருப்பின் சிவப்பு எழுந்து தெரிந்தது. ஒரு தடவைக்கு ஒரு கைப்பிடி, ஒன்றன்மேல் ஒன்று கிடக்காமல். கறுத்தது, சுருங்கியது, பச்சை படர்ந்தது மூன்றையும் மட்டையில் ஒட்டி முன்னால் நிறுத்தினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க அது போதும். நிறுவைக்கு இலக்கத் தராசு அவருக்கு உதவவில்லை. பழைய இரண்டு தட்டுத் தராசில் ஒருபக்கம் 100 கிராம் படி. தட்டுகள் சமமானால் பொதி முடிந்தது, எண் தெரியத் தேவையில்லை. ஒவ்வொரு கிலோவிலும் ஒரு பொதியைப் பிரித்து இன்னொருவர் பார்ப்பார். இரண்டுக்கு மேல் பழுது இருந்தால் அந்தக் கிலோ திரும்பும். மற்றவர்களுக்கும் அதே விதி.

கூலியும் அதே கிலோக் கணக்கு. அவர் மற்றவர்களில் பாதி வேகம், ஆகவே பாதிப் பணம். அது நியாயம். "பொழுதுபோகட்டும், ஏதாவது குடுப்பம்" என்பது நியாயமல்ல. காசு அவர் கையில் வரவேண்டும். நிறத்தால் தெரியும் அவருக்கு: செம்மஞ்சள் நூறு, ஊதா ஐந்நூறு, பச்சை ஆயிரம்.

"எனக்குப் பிறகு ஆர்?"

அந்த விண்ணப்பத்தின் அடியில் இருந்த கேள்வி இதுதான், குளியல் அல்ல. இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்த மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தின் 19ஆம் உறுப்புரை, எங்கே, யாரோடு வாழ்வது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை மற்றவர்களுக்குப்போலவே இவர்களுக்கும் உண்டு என்கிறது. இந்த ஒழுங்கையில் அதை நடைமுறையாக்குவது ஒரு பயிற்சி: தாய் இல்லாத இரவுகளை, தாய் இருக்கும்போதே பழகுவது.

முதல் இரவு தாய் முன்வீட்டில், முப்பது மீற்றர் தூரத்தில் படுத்தார். பிறகு தருமபுரத்தில் ஓர் இரவு. அந்த இரவு முழுக்க அண்ணை படலையடியில் இருந்தார். "நாளைக்கு வாறன்" என்றுதான் தாய் சொல்லிவிட்டுப் போனார். நாளை என்பது எப்போது முடிகிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை. அடுத்த தடவை உடுப்புக் கொடியில் மரக் கிளிப்புகள் மூன்று மாட்டினார்கள். காலையில் முற்றம் கூட்டியதும் ஒன்றைக் கழற்றவேண்டும். கொடி வெறுமையான அன்று அம்மா வருவார். மூன்றாம் நாள் காலையில் கடைசிக் கிளிப்பை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, போய்ப் படலையைத் திறந்துவைத்தார்.

சோற்றுக்கு றைஸ் குக்கர்: ஒரு சுண்டு அரிசிக்கு இரண்டு சுண்டு தண்ணீர், சுண்டில் சிவப்புக் கோடு. கறி அயலிலிருந்து. இரண்டாவது பயிற்சியில் கரண்ட் போய், அரைவேக்காட்டுச் சோற்றைச் சாப்பிட்டு வயிற்றோட்டமானது. அதற்குப் பிறகு உதவியாளர் நான்கு வெவ்வேறு நாளில் மெயின் சுவிச்சை அணைத்துவிட்டு, "லைற் இல்லையெண்டால் சட்டியோட முன்வீட்டுக்கு" என்பதைப் பழக்கினார். படுக்கை கட்டிலில், நுளம்புவலை மெத்தைக்குக் கீழ் செருகி. தரையில் படுத்தால் இரவில் விரியன் ஊர்ந்து வரும் ஊர் இது.

மூன்றாவது தொல்லை மனிதரால் வந்தது. தாய் இல்லாத நாளில் உறவினர் ஒருவர் கூலிக்காசைக் கைமாற்றாக வாங்கிப்போனார். திரும்பவில்லை. இப்போது கையில் ஐந்நூறு ரூபாய்க்கு மேல் இல்லை, மிச்சம் வங்கியில். மாதக் கடைசியில் புத்தகத்தை அண்ணைக்கும் அக்காவுக்கும் முன்னால் வைத்து வாசிக்கவேண்டும். உதவியாளர் அந்தப் புத்தகத்தை வைத்திருக்கக்கூடாது, கையொப்பத்துக்குச் சாட்சியாகவும் நிற்கக்கூடாது.

நான்காவதை நாங்கள் முன்கூட்டியே கண்டிருக்கவேண்டும். முன்வீட்டு அன்ரி களைத்துப்போனார். கறி, போன், கரண்ட், இரவுச் சத்தம் எல்லாம் ஒருவர் தலையில். நல்ல மனம் உள்ள ஒருவரை வைத்து முழுத் திட்டத்தையும் கட்டினால் அவர் விலகும் நாளில் எல்லாம் விழும். நாட்களைப் பிரித்தார்கள். கறி கிழமையில் இரண்டு நாள் அன்ரி, இரண்டு நாள் கச்சான் இடத்துச் சமையல், மற்ற நாள் முட்டையும் பருப்பும் அவரே. இரவு அழைப்பு அக்காவின் மகனுக்கு. மாரி தொடங்கமுன் இரண்டு கிழமைக் குளிசை வீட்டில் இருக்கவேண்டும், ஒழுங்கையில் வெள்ளம் நின்றால் உதவியாளரின் ஸ்கூட்டி உள்ளே வராது.

காணி இன்னும் தீரவில்லை. அது தாய் பெயரிலுள்ள உத்தரவுப் பத்திரக் காணி, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி. பின்னுரித்தாளராக யாரை எழுதுவது என்று தாய்க்கும் மகளுக்கும் பேச்சு நடக்கிறது. பிரதேச செயலகத்தின் காணிப் பகுதிக்குத் தாயைக் கூட்டிப்போவதும், அங்கே சொன்னதை அண்ணைக்கு விளங்கும்படி சொல்வதும் மட்டுமே உதவியாளரின் எல்லை. "நீங்கள் சொல்லுங்கோ தம்பி, ஆருக்கு எழுத?" என்று தாய் கேட்டபோது அவர் பதில் சொல்லவில்லை. சொல்லாமலிருந்தது சரி.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு

பராமரிப்பாளருக்கான தேசியத் தொழிற்தகைமைப் பயிற்சி 3ஆம், 4ஆம் மட்டங்களில் இருக்கிறது. நல்ல அடித்தளம். ஆனால் படுக்கையில் உள்ளவரைக் கழுவி, ஊட்டி, திருப்பிப் படுக்கவைக்கப் பழகிய கை இங்கே முதலில் அவசரப்படும். இந்த வேலையில் கையை எப்போது எடுப்பது என்பதுதான் பாடம். குளியல், உடை மாற்றல் போன்ற உதவிகளுக்கு ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். கதவைச் சாத்திக்கொண்டு தனியே இருக்கும் வேலை எதுவானாலும் கொப்பியில் நேரத்தோடு எழுதப்படவேண்டும். அது இருவருக்கும் காவல். ஒருவருக்குப் பன்னிரண்டு வீட்டுக்கு மேல் கொடுத்தால் கொப்பி முதலில் சாகும், பிறகு வரவுகள் "எப்படிச் சுகம்?" என்று கேட்டுத் தேத்தண்ணி குடிப்பதாகச் சுருங்கும்.

பெரிய குறை நிதி முடியும்போது ஆளும் நிற்பது. இந்தப் பதவிகள் பெரும்பாலும் திட்டக் காசில் ஓடுகின்றன. ஒரு வெள்ளிக்கிழமையோடு உதவியாளர் வராமல் போனால், அண்ணை போன்றவருக்கு அது இன்னொரு ஆள் காணாமல் போனது. வன்னியில் அதற்கு என்ன பாரம் என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்லத்தேவையில்லை. குறைந்தது இரண்டு கிழமை பழையவரும் புதியவரும் சேர்ந்து வரவேண்டும். முதல் கிழமை புதியவர் பார்க்கட்டும், இரண்டாம் கிழமை பழையவர் பார்க்கட்டும். கடைசிநாள் விடைபெறுவது அண்ணைக்குத் தெரிந்து, படம் எடுத்து, கிளிப்பை மாட்டி நடக்கவேண்டும்.

கையளிக்கும் கொப்பியோடு போன் காணொளி ஒன்றும் போகவேண்டும். வருடத்துக்கு ஒருதடவை, அவர் சம்மதத்தோடு, சாரம் கட்டுவது, சோறு வைப்பது, கச்சான் தெரிவது, பெயர் சொல்வது என்று பத்து நிமிடம். டவுண் சின்ட்ரோம் உள்ளவர்களுக்கு நாற்பதுக்குப் பிறகு ஞாபகமறதி நோய் வருவதற்கான வாய்ப்பு அதிகம். அப்போது "இவர் முன்னம் செய்தவரா?" என்று வைத்தியர் கேட்பார். பதில் 34 வயதில் எடுத்து வைத்திருக்கவேண்டும்.

இதை எழுதும்போது தாய் தருமபுரத்தில் இருக்கிறார். கொடியில் ஒன்பது கிளிப் மாட்டப்பட்டது, நான்கு மிச்சம். இடது கண்ணுக்குத் திகதி வரவில்லை. கிணற்றடியில் வலது பக்கத்தால் ஏறுகிறார், இடது பக்கம் இன்னும் பெருவிரலால் தடவுகிறார். உதவியாளர் அந்தப் பக்கத்து மஞ்சள் பட்டையை ஓர் அங்குலம் அகலமாக்கியிருக்கிறார்.